'டு'வும் 'இங்'கும்: ஆங்கிலத்தில் வினையை அடுத்து வரும் வினை

ஆங்கிலத்தில் ஒரு வினையை அடுத்து இன்னொரு வினை வந்தால், இரண்டாவது வினை தன் விருப்பப்படி வடிவம் எடுக்க முடியாது. முதல் வினை எதைக் கேட்கிறதோ அதுவே வரும். 'மஸ்ட்' என்பதன் பின் வெறும் 'கோ'. 'வாண்ட்' என்பதன் பின் 'டு கோ'. 'எஞ்ஜாய்' என்பதன் பின் 'கோயிங்'. 'எஞ்ஜாய் டு கோ' என்றோ 'வாண்ட் கோயிங்' என்றோ சொன்னால் பொருள் புரியும். ஆனால் அது ஆங்கிலம் ஆகாது. வெற்று வடிவத்தையும் 'டு' வடிவத்தையும் இலக்கண நூல்கள் இன்ஃபினிட்டிவ் என்று அழைக்கின்றன. பெயர்போல் இயங்கும் 'இங்' வடிவத்தை ஜெரண்ட் என்கின்றன. தமிழில் முன்னதற்கு நெருங்கி நிற்பது 'செய்ய, போக, படிக்க' என வரும் செயவென் எச்சம். பின்னதற்கு நெருங்கி நிற்பவை 'செய்தல், போவது, படித்தது' போன்ற தொழிற்பெயர்கள். இந்த நெருக்கம் எதுவரை கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று தெரிந்துகொண்டால் பட்டியல்களை உருப்போடும் வேலை கணிசமாகக் குறையும்.

இரண்டு வடிவங்களும் வெவ்வேறு குடும்பத்தில் பிறந்தவை. பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவ் தனக்கென ஓர் ஈற்றோடு வந்தது. அதற்கு 'டு' தேவைப்படவில்லை. 'டு' என்பது அப்போது 'நோக்கி' என்று பொருள்படும் இடைச்சொல் மட்டுமே. செயலின் நோக்கத்தைச் சொல்ல வேண்டிய இடங்களில் அந்த இடைச்சொல்லின் பின்னே இன்ஃபினிட்டிவ் ஒரு வேற்றுமை ஈற்றை ஏற்று நின்றது. 'செய்தற்கு' என்று தமிழ் சொல்வதுபோன்ற அமைப்பு அது. தொல்காப்பியமும் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும்போது 'செய' என்பதோடு 'செயற்கு' என்பதையும் தனியாக எண்ணுகிறது. காலப்போக்கில் ஆங்கில ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. எது இன்ஃபினிட்டிவ், எது வெறும் வினை என்று ஒலியால் பிரித்தறிய முடியாமல் போனபோது 'டு' அந்த அடையாள வேலையை ஏற்றுக்கொண்டது. 'கேன்', 'மஸ்ட்', 'வில்' போன்ற துணைவினைகளின் பின்னும் வேறு சில வினைகளின் பின்னும் மட்டும் 'டு' இல்லாத பழைய நிலை அப்படியே தங்கிவிட்டது.

'இங்' வடிவத்தின் கதை வேறு. அது பிறப்பால் பெயர்ச்சொல். வினையோடு 'உங்' அல்லது 'இங்' ஈறு சேர்த்துச் செயலின் பெயரை உண்டாக்குவது பழைய ஆங்கில வழக்கம். நிகழ்கால எச்சத்துக்கு 'எண்டெ' என்ற வேறோர் ஈறு இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் ஒலியில் ஒன்றாகக் கலந்தன. ஜெர்மன் மொழியில் அந்தப் பிரிவு இன்றும் அழியாமல் இருக்கிறது: பெயருக்கு 'உங்', எச்சத்துக்கு 'எண்ட்'. ஆங்கிலத்தில் கலப்பு நேர்ந்தபின் பெயராக இருந்த வடிவம் மெல்ல மெல்ல வினையின் குணங்களை வாங்கிக்கொண்டது. முதலில் 'த ரீடிங் ஆஃப் த புக்', அதாவது 'புத்தகத்தின் வாசிப்பு' என்றிருந்தது பிறகு 'ரீடிங் த புக்' என நேரடியாகச் செயப்படுபொருள் கொண்டது, வினையடையையும் ஏற்றது. 'புத்தகத்தை மெதுவாக வாசித்தல்' என்பதில் தமிழ்த் தொழிற்பெயர் செய்வதும் இதையேதான். வெளியே பெயர், உள்ளே வினை.

பிறப்பு வேறுபட்டதால் இரண்டும் சாயும் திசையும் வேறுபட்டது. 'டு' இன்னும் ஓர் இலக்கை நோக்கிக் கைநீட்டுகிறது. செயல் முன்னால் இருக்கிறது, நடக்கலாம், நடக்காமலும் போகலாம். 'இங்' செயலை ஒரு பொருளாகத் திரட்டிக் கையில் கொடுக்கிறது. அதைச் சுவைக்கலாம், தவிர்க்கலாம், ஒத்திப்போடலாம், முடிக்கலாம். அமெரிக்க மொழியியலாளர் ட்வைட் போலிஞ்சர் 1968இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஏறக்குறைய இந்த வேறுபாட்டையே முன்வைத்தார்: ஒன்று கற்பிதத்தின் பக்கம், மற்றொன்று மெய்ப்பொருளின் பக்கம். இரண்டாண்டு கழித்துப் பால் கிபார்ஸ்கியும் கேரல் கிபார்ஸ்கியும், நடந்தது நடந்ததே என்று முன்கூட்டியே ஏற்கும் 'ரிக்ரெட்' போன்ற வினைகள் 'இங்' வடிவத்தோடு இசைவதைக் காட்டினர்.

தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. 'வர மறுத்தான்' என்பதும் 'வந்ததை மறுத்தான்' என்பதும் ஒன்றா? முதலாவதில் வருகை நடக்கவில்லை. இரண்டாவதில் வந்தானா என்பதே வழக்கு. 'வர ஒப்புக்கொண்டான்' என்றால் இனி வருவான். 'வந்ததை ஒப்புக்கொண்டான்' என்றால் குற்றம் முடிந்துவிட்டது. தமிழ் ஒரே வினையை வைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் வடிவத்தை மட்டும் மாற்றிப் பொருளைப் பிரிக்கிறது. ஆங்கிலம் இங்கே வினையையும் மாற்றிவிடுகிறது: வர மறுப்பது 'ரெஃப்யூஸ் டு கம்', வந்ததை மறுப்பது 'டினை கமிங்'; வர ஒப்புவது 'அக்ரீ டு கம்', வந்ததை ஒப்புவது 'அட்மிட் கமிங்'. வினைகள் மாறினாலும் வடிவப் பங்கீடு தமிழில் உள்ளதே. செயவென் எச்சம் நின்ற இடத்தில் 'டு'. ஐ வேற்றுமை ஏற்ற தொழிற்பெயர் நின்ற இடத்தில் 'இங்'.

இந்த இணை பல வினைகளுக்குப் பொருந்துகிறது. வர விரும்புதல், வர முயலுதல், வரத் துணிதல், வரத் திட்டமிடுதல், வரத் தவறுதல் ஆகியவற்றில் தமிழ் செயவென் எச்சத்தையும் ஆங்கிலம் 'டு'வையும் வைக்கின்றன. பேசுவதைத் தவிர்த்தல், பேசுவதை ஒத்திப்போடுதல், பேசுவதை நிறுத்துதல், பேசுவதை ரசித்தல் ஆகியவற்றில் தமிழ் தொழிற்பெயரையும் ஆங்கிலம் 'இங்'கையும் வைக்கின்றன. 'அவாய்ட்', 'போஸ்ட்போன்', 'கன்ஸிடர்' போன்ற வினைகளுக்குப் பின் வரும் செயல் இன்னும் நடக்காதது. அப்படியிருந்தும் 'டு' வராமல் 'இங்' வருகிறது. 'எதிர்காலம் என்றால் டு, கடந்தகாலம் என்றால் இங்' என்று வகுப்பில் எழுதிப்போடும் சூத்திரம் இந்த வினைகளில் உடைந்துபோகும். காலம் இங்கே இரண்டாம்பட்சம். செயல் ஒரு பொருளாகக் கையாளப்படுகிறதா என்பதுதான் கேள்வி. ஒத்திப்போட வேண்டுமானால் முதலில் அதைப் பொருளாக மேசைமேல் வைத்தாக வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் முரண் உண்டு: 'மேனேஜ் டு' என்பதில் செயல் நடந்தே முடிந்துவிட்டது, ஆனாலும் முயற்சி இலக்கை எட்டியது என்ற பழைய வாசனை 'டு'வில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சில வினைகள் இரண்டு வடிவத்தையும் ஏற்று, பொருளை இரண்டாகப் பிளக்கின்றன. பாடத்தின் வளமான பகுதி இதுதான். தேர்வில் தவறாமல் கேட்கப்படுவதும் இதுதான். 'ஃபர்கெட் டு லாக்' என்றால் பூட்ட மறப்பது. கதவு திறந்து கிடக்கிறது. 'ஃபர்கெட் லாக்கிங்' என்றால் பூட்டியதை மறப்பது; கதவு பூட்டித்தான் இருக்கிறது, மனம்தான் குழம்புகிறது. 'ரிமெம்பர்' என்பதற்கும் அப்படியே: 'ரிமெம்பர் டு போஸ்ட்' கடிதத்தைப் பெட்டியில் போட மறக்காதிருப்பது, 'ரிமெம்பர் போஸ்டிங்' போட்டது நினைவில் இருப்பது. இவ்விரண்டிலும் தமிழ் தன் பங்குக்கு அதே பிளவை அதே இடத்தில் செய்திருப்பதால் தமிழ் மாணவர் விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சொல்ல வந்ததைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே போதும்.

'ஸ்டாப்' என்பதில் கதை மாறுகிறது. 'ஸ்டாப் ஸ்மோக்கிங்' புகைப்பதை நிறுத்துவது. 'ஸ்டாப் டு ஸ்மோக்' என்பதில் 'டு' நிறுத்தலின் செயப்படுபொருளே அல்ல, அது நோக்கம். நடந்துகொண்டிருந்தவர் புகைக்கும் பொருட்டு நின்றார் என்று பொருள். மருத்துவர் முதலாவதைச் செய்யச் சொன்னால் நோயாளி இரண்டாவதைச் செய்வதாக ஆங்கில ஆசிரியர்கள் வேடிக்கை பேசுவதுண்டு. 'ட்ரை'யில் இருப்பது இன்னும் நுட்பமான பிளவு. 'ட்ரை டு ஓப்பன் த விண்டோ' என்றால் சன்னலைத் திறக்க முயல்வது. அது இறுகிக் கிடக்கிறது. 'ட்ரை ஓப்பனிங் த விண்டோ' என்றால் திறந்து பார்ப்பது. திறப்பதில் சிக்கல் இல்லை, காற்று வருமா என்பதே சோதனை. 'திறக்க முயன்றான்', 'திறந்து பார்த்தான்' என்ற தமிழ்த் தொடர்கள் இந்த வேறுபாட்டை அப்படியே ஏந்துகின்றன. 'கோ ஆன் டு டாக்' என்றால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததாகப் பேசப்போவது, 'கோ ஆன் டாக்கிங்' என்றால் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போவது. 'மீன் டு' எண்ணுவது. 'மீன்' என்பதன் பின் 'இங்' வந்தால் ஒன்று மற்றொன்றைக் கட்டாயமாக்குவது. 'ரிக்ரெட் டு இன்ஃபார்ம்' என்பது இன்று பெரும்பாலும் அலுவலகக் கடிதத்தின் சடங்குமொழியாகச் சுருங்கிவிட்டது: 'தெரிவிக்க வருந்துகிறோம்'.

தமிழ் கைவிடும் இடங்களுக்கு இனி வரலாம். 'எனக்கு நீந்தத் தெரியும்' என்பதை அப்படியே மாற்றி 'ஐ நோ டு ஸ்விம்' என்று எழுதுவது தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் சாதாரணம். 'நோ' என்ற வினை திறமையைச் சொல்லும்போது இடையில் 'ஹவ்' வேண்டும். 'பாடப் பழகுகிறாள்' என்பதில் தமிழ் எச்சத்தை வைக்கிறது; 'ப்ராக்டிஸ்' என்ற ஆங்கில வினையோ 'சிங்கிங்'கைத்தான் கேட்கிறது. 'படித்து முடித்தான்' என்பதில் தமிழ் செய்தென் எச்சம் வைக்க, 'ஃபினிஷ்' அதற்கும் 'இங்' கேட்கிறது. வரச் சொன்னார், வரத் தூண்டினார், வரப் பரிந்துரைத்தார் என்று தமிழில் ஒரே அச்சில் வார்க்க முடிவதால் 'ஹி சஜெஸ்டட் மீ டு கம்' என்பது இயல்பாகத் தோன்றுகிறது. 'சஜெஸ்ட்' ஆளைச் செயப்படுபொருளாகக் கொண்டு 'டு' ஏற்பதில்லை. 'சஜெஸ்டட் கோயிங்' என்று சொல்லலாம். அல்லது 'தட்' போட்டு முழு வாக்கியமாக்கலாம். 'இன்ஸிஸ்ட்' என்பதற்குப் பின் 'ஆன்', 'ப்ரிவெண்ட்' என்பதற்குப் பின் 'ஃப்ரம்' வந்து, அதன் பின்னரே 'இங்'. இடைச்சொல் எதுவானாலும் அதன் பின் பெயரே வரும், வினை வருவதானால் ஜெரண்டாகித்தான் வரும் என்பது ஆங்கிலத்தில் ஏறக்குறைய விலக்கில்லாத விதி.

இந்த விதியே மிகப் பெரிய குழப்பத்துக்கும் காரணம். 'டு'வில் இரண்டு 'டு' உண்டு. ஒன்று இன்ஃபினிட்டிவின் அடையாளம். மற்றொன்று தன் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடைச்சொல். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ளது இரண்டாவது. ஆகவே 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதே சரி. கடிதங்களின் அடியில் நாள்தோறும் காணப்படும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' தவறு. 'தங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்ற தமிழ் வாக்கியம் 'சந்திக்க' என்று தொடங்குவதால் கை தானாக 'டு மீட்' என்று எழுதிவிடுகிறது. எந்த 'டு' என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: அதன் பின் ஒரு வெறும் பெயர்ச்சொல்லை வைத்துப் பார்ப்பது. 'லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்' பொருந்துகிறது. எனவே அது இடைச்சொல். 'வாண்ட் டு த ஹாலிடேஸ்' பொருந்தவில்லை. எனவே அது அடையாளம். 'ஆப்ஜெக்ட் டு', 'வித் அ வியூ டு', 'கன்ஃபெஸ் டு' எல்லாம் இடைச்சொல் வகை.

'யூஸ்டு டு' என்பதில் சிக்கல் இரட்டிப்பாகிறது. 'ஹி யூஸ்டு டு வாக்' என்றால் முன்பு நடப்பது வழக்கம், இப்போது இல்லை. 'ஹி இஸ் யூஸ்டு டு வாக்கிங்' என்றால் நடந்து பழகிவிட்டவர். முன்னதில் அடையாளம், பின்னதில் இடைச்சொல். இடையில் நிற்கும் 'இஸ்' ஒன்றுதான் வெளிப்படையான குறி. தாய்மொழியாளரும் இந்த எல்லையில் எப்போதும் உறுதியாக நின்றதில்லை. 'அக்கஸ்டம்டு டு' என்பதன் பின் 19ஆம் நூற்றாண்டில் இன்ஃபினிட்டிவ் தாராளமாக வந்தது. இன்றோ 'இங்' வந்தே ஆகவேண்டும். பொதுவாகவே கடந்த சில நூற்றாண்டுகளில் பல வினைகள் 'டு'விலிருந்து 'இங்'குக்குக் குடிபெயர்ந்திருக்கின்றன. பழைய நாவல்களில் தவறுபோலத் தெரிவது பெரும்பாலும் அந்தக் காலத்துச் சரி.

வினைக்கும் 'டு'வுக்கும் இடையே ஓர் ஆள் வந்து நிற்கும் அமைப்பு தனிக் கவனம் கேட்கிறது. 'வாண்ட் ஹிம் டு கோ', 'ஆஸ்க் ஹிம் டு கோ' இரண்டும் பார்வைக்கு ஒன்றே. உள்ளே வேறு. ஒரு மருத்துவர் குழந்தையைப் பரிசோதிக்க வேண்டும் என எதிர்பார்ப்பதும், குழந்தை மருத்துவரால் பரிசோதிக்கப்பட வேண்டும் என எதிர்பார்ப்பதும் ஒன்றுதான். 'எக்ஸ்பெக்ட்' இரண்டுக்கும் பொருள் மாறாமல் நிற்கிறது. 'பர்ஸ்வேட்' அப்படியில்லை: மருத்துவரை இணங்கவைப்பது வேறு, குழந்தையை இணங்கவைப்பது வேறு. 'பர்ஸ்வேட்' ஆளைத் தொடுகிறது. 'எக்ஸ்பெக்ட்' நிகழ்ச்சியை மட்டும் தொடுகிறது. நோம் சாம்ஸ்கி 1965இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டிய பிறகு அது மொழியியல் வகுப்புகளின் நிரந்தரப் பாடமாகிவிட்டது. 'ப்ராமிஸ்' இன்னொரு விசித்திரம். 'ஆஸ்க்', 'டெல்', 'ஆர்டர்' எல்லாவற்றிலும் இடையில் நிற்பவரே செயலைச் செய்யப்போகிறவர். 'ப்ராமிஸ்' என்பதில் மட்டும் வாக்குக் கொடுத்தவரே செய்யப்போகிறவர்.

வெற்று வடிவத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துணைவினைகளுக்குப் பின்னும், 'மேக்', 'லெட்' ஆகியவற்றின் பின் ஆளை வைத்தும் அது வருகிறது. செயப்பாட்டில் 'மேக்' மட்டும் திடீரென 'டு'வைக் கேட்கும்: 'வாஸ் மேட் டு வெய்ட்'. 'ஹெல்ப்' இரண்டையும் ஏற்கும். அமெரிக்கர் வெற்று வடிவத்தின் பக்கம் கூடுதலாகச் சாய்வர். 'ஸீ', 'ஹியர்' போன்ற புலன் வினைகளில் வெற்று வடிவத்துக்கும் 'இங்'குக்கும் இடையே கவனிக்கத்தக்க பிளவு உண்டு. ஒருவர் சாலையை 'கிராஸ்' செய்யக் கண்டவர் அக்கரை சேரும்வரை பார்த்தவர். 'கிராஸிங்' கண்டவர் நடுச்சாலையில் மட்டும் பார்த்திருக்கலாம். விபத்து வழக்கில் சாட்சி எந்த வடிவத்தைச் சொன்னார் என்பது பொருட்படுத்தத்தக்கது.

'பிகின்', 'ஸ்டார்ட்' இரண்டும் பெரிய வேறுபாடு இல்லாமல் இரு வடிவத்தையும் ஏற்கும். ஆனால் முதல் வினையே 'இங்' ஏற்று நின்றால் அடுத்ததும் 'இங்' ஆவதை ஆங்கிலக் காது சகிப்பதில்லை: 'இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெய்ன்' என்பதே வழக்கு. 'லைக்' என்பதிலும் நெளிவு உண்டு. பிரிட்டிஷ் வழக்கில் 'லைக் கோயிங்' என்றால் அனுபவிப்பது. 'லைக் டு கோ' என்றால் நல்லதென்று கருதிச் செய்வதாகவும் இருக்கலாம். ஆண்டுக்கு இருமுறை பல் மருத்துவரிடம் போவது இரண்டாவது வகையில் சேரும். 'வுட் லைக்' என்றதும் 'டு' மட்டுமே. 'நீட்' என்பதன் பின் வரும் 'இங்' செயப்பாட்டுப் பொருள் தரும்: 'த ஷர்ட் நீட்ஸ் வாஷிங்' என்றால் சட்டை துவைக்கப்பட வேண்டும். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மேற்குப் பகுதியிலும் 'நீட்ஸ் வாஷ்டு' என்பார்கள். பாடநூல் அதைத் தவறென்னும், அங்குள்ளவர்களோ தலைமுறைகளாக அப்படித்தான் பேசுகிறார்கள்.

ஜெரண்டுக்கு எழுவாய் வேண்டுமானால் அது உடைமை வடிவில் வர வேண்டுமா என்பது இலக்கணக்காரர்களின் பழைய சண்டை. 'ஹிஸ் கமிங்' என்று சொல்ல வேண்டுமா, 'ஹிம் கமிங்' போதுமா? ஆங்கிலேயரான எச். டபிள்யூ. ஃபவுலர் 1926இல் வந்த தம் வழக்குச்சொல் அகராதியில் இரண்டாவதைக் கடுமையாகச் சாடினார். டென்மார்க்கின் ஆட்டோ யெஸ்பெர்சன் எழுத்தாளர்களின் வழக்கிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் திரட்டி, அது நெடுங்காலமாக உள்ள நல்ல ஆங்கிலமே என்று பதில் கொடுத்தார். வெற்றி யெஸ்பெர்சனுக்கே. பேச்சில் இன்று 'ஹிம் கமிங்' இயல்பு. 'ஹிஸ் கமிங்' முறைசார்ந்த எழுத்துக்கு உரியது. ஜெரண்ட் என்ற பெயரே தேவையா என்ற கேள்வியும் எழுந்தது. குவெர்க்கும் உடனாசிரியர்களும் 1985இல் வெளியிட்ட பெரிய இலக்கணம் பெயர்ப் பக்கத்துக்கும் எச்சப் பக்கத்துக்கும் இடையே கோடு போட முடியாத ஒரு தொடர்வரிசையைக் காட்டியது. ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் இரண்டையும் ஒட்டி 'ஜெரண்ட்-பார்ட்டிஸிப்பிள்' என்று ஒரே பெயரிட்டனர். ஒலியில் எப்போதோ கலந்துபோனவற்றை இலக்கணம் நூற்றாண்டுகள் கழித்து ஏற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

கற்பவருக்கு இதையெல்லாம் முறைப்படுத்தித் தந்தவர்கள் இங்கிலாந்தில் இருந்துகொண்டு அதைச் செய்யவில்லை. ஹெரால்ட் பாமர் 1922இல் ஜப்பான் சென்று டோக்கியோவில் ஆங்கிலக் கல்வி ஆய்வில் ஈடுபட்டார். அவர் தொடங்கிய வேலையை ஏ. எஸ். ஹார்ன்பி தொடர்ந்தார். ஜப்பானிய மாணவர் அகராதியைத் திறந்து சொல்லின் பொருளைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தச் சொல்லுக்குப் பின் என்ன வரவேண்டும் என்பதை வழக்கமான அகராதிகள் சொல்லவில்லை. ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் மூவரும் தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதி ஒவ்வொரு வினைக்கும் அதன் வாக்கிய அமைப்பை எண்ணிட்டுக் குறித்தது. அதையே ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. உலகெங்கும் மாணவர் கைகளில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் முதல் வடிவம் அதுவே. 1954இல் ஹார்ன்பி எழுதிய வழிகாட்டி நூல் வினை அமைப்புகளை 25 வகைகளாக வகுத்தது. அதே பத்தாண்டில் மதராஸ் மாநிலப் பள்ளிகளில் புகுந்த அமைப்புமுறை ஆங்கிலப் பாடத்திட்டமும் இந்தச் சிந்தனைக் காலத்தின் விளைவு.

எண் குறியீடுகள் பின்னாளில் கைவிடப்பட்டன. பின்னட்டை அட்டவணையைப் புரட்டிப் புரட்டி எண்ணைப் பொருளாக்க எந்த மாணவருக்கும் பொறுமை இல்லை. இன்றைய கற்போர் அகராதிகள் அமைப்பை எடுத்துக்காட்டு வாக்கியத்தின் முன் நேரடியாக அச்சிடுகின்றன: வினை, அடுத்து 'டு'வா 'இங்'கா, நடுவில் ஆள் உண்டா என்று. 'சஜெஸ்ட்' என்ற பதிவைத் திறந்தால் 'இங்' அங்கே இருக்கும். இடையில் ஆளை வைத்த 'டு' அமைப்பு இருக்காது. பொருளைப் படித்ததும் அகராதியை மூடிவிடாமல் அந்த ஒரு வரியையும் பார்ப்பவருக்கு இப்பாடத்தில் தனிப் பட்டியல் எதுவும் தேவைப்படாது.